மெதுவாகச் சுற்றும் காற்றாலை எவ்வாறு மின்சாரம் தருகிறது? ஆறு காற்றாலைகள் கொண்ட ஒரு சிறு பண்ணையைப் பார்த்து எழுந்த ஐயங்கள்

#1 வழிப்போக்கன்

அனைவருக்கும் வணக்கம். நான் மின்பொறியியல் படித்தவன் அல்லன். நாள்தோறும் போய்வரும் வழியில், ஆறே காற்றாலைகள் கொண்ட ஒரு சிறு பண்ணையைப் பல மாதங்களாகப் பார்த்துவருவதால் எழுந்த ஐயங்களை இங்கே வைக்கிறேன். மும்மூன்றாக இரண்டு வரிசைகளில் நிற்கும் அவை ஒவ்வொன்றும் 450 கிலோவாட் திறனுடையவை என்றும், இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 35 மீட்டர் என்றும் வாயிற்பலகை சொல்கிறது.

மேசை விசிறியே நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குமேல் சுற்றும்போது, கண்ணால் எண்ணிவிடக்கூடிய வேகத்தில் சுற்றும் இவை எப்படி நூற்றுக்கணக்கான கிலோவாட் மின்சாரத்தைத் தர முடியும் என்பது முதல் ஐயம். காற்று ஆளைத் தள்ளும் அளவுக்கு வீசும் நாளிலும் மிதமாக வீசும் நாளிலும் அவை ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்றுவதாகத் தோன்றுகிறது. இது என் கண்ணின் பிழையா என்பது இரண்டாவது ஐயம்.

மூன்றாவதுதான் என்னை இங்கே எழுதவைத்தது. சென்ற வாரம் மற்ற ஐந்தும் ஓடிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் நின்றது. சிறிது நேரத்தில் அதன் தலைப்பகுதி மெல்லத் திரும்பத் தொடங்கி, அரைமணி நேரத்துக்கு மேலாக முழுவட்டமாக மூன்று முறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, முன்பு பார்த்த திசைக்கே வந்து நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. அவ்வளவு நேரமும் காற்று திசை மாறவே இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முழுதையும் பார்த்தேன். விளக்கம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

#2 விசைமானி

நண்பர் வழிப்போக்கன் நல்ல கேள்விகளைக் கேட்டிருக்கிறார். முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவதற்கு, கோபுரம் ஏறிப் பழகிய ஏணிப்படி ஐயா வரட்டும்.

35 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 962 சதுர மீட்டர். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், ஒவ்வொரு வினாடியும் 7,700 கன மீட்டர் காற்று அந்த வட்டத்தை நோக்கி வருகிறது. கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.225 கிலோ. எனவே வினாடிக்கு ஒன்பது டன்னுக்கு மேற்பட்ட காற்று வந்து மோதுகிறது. எடையே இல்லாததுபோல் நமக்குத் தோன்றும் காற்றைப் பற்றி இப்படி நினைத்துப் பார்த்தால், கிலோவாட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்ற வியப்பு பாதி தீர்ந்துவிடும். அந்த ஓட்டத்தில் உள்ள இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் 300 கிலோவாட் வருகிறது.

அது முழுவதும் நமக்குக் கிடைக்காது. காற்றின் ஆற்றலை ஒட்ட உறிஞ்ச வேண்டுமானால், இறக்கையைக் கடந்த காற்று அசையாமல் நின்றுவிட வேண்டும். அப்படி நின்ற காற்று பின்னால் வரும் காற்றுக்கு வழிவிடாது, அது வட்டத்துக்குள் நுழையாமல் ஓரமாக விலகிப் போய்விடும். அதிகமாகப் பிடுங்கினால் வரத்து குறையும், குறைவாகப் பிடுங்கினால் ஆற்றல் வீணாகும். இரண்டுக்கும் நடுவே சிறந்த நிலை எது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பெர்ட் பெட்ஸ் 1919-இல் கணக்கிட்டுக் காட்டினார்: கடந்துசெல்லும் காற்றின் வேகம் வந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போதுதான் அதிகபட்ச ஆற்றல் கிடைக்கும், அதுவும் 27-இல் 16 பங்கு, அதாவது 59.3 விழுக்காடுதான். நடைமுறையில் இறக்கையின் உராய்வு, பல்சக்கர இழப்பு, மின்னிழப்பு எல்லாம் போக, நல்ல காற்றாலை 40 விழுக்காட்டை ஒட்டித் தருகிறது என்று கொள்ளலாம். ஆக, வினாடிக்கு 8 மீட்டர் காற்றில் உங்கள் காற்றாலை ஒன்று ஏறக்குறைய 120 கிலோவாட் தரும்.

அதே காற்று 4 மீட்டர் வேகத்துக்கு இறங்கினால் ஆற்றல் பாதியாகாது. எட்டில் ஒரு பங்காகிவிடும். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். வேகம் இரட்டித்தால் வினாடிக்கு வரும் காற்றின் அளவும் இரட்டிக்கிறது, ஒவ்வொரு கிலோ காற்றிலும் உள்ள ஆற்றலோ நான்கு மடங்காகிறது. காற்றாலைத் தொழிலில் இடத்தேர்வுக்கு இவ்வளவு மெனக்கெடுவதற்கு இந்த எட்டு மடங்குதான் முதற்காரணம்.

மெதுவாகச் சுற்றுவதாகத் தோன்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த அளவுள்ள காற்றாலை நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 முறை சுற்றும். வட்டத்தின் சுற்றளவு 110 மீட்டர். அப்படியானால் இறக்கையின் நுனி நிமிடத்துக்கு 3,850 மீட்டர், மணிக்கு 230 கிலோமீட்டர் போகிறது! தொலைவும் உருவத்தின் பெருமையும் சேர்ந்து நம் கண்ணை ஏமாற்றுகின்றன.

#3 ஐயப்பாடு

கணக்கெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்றாலை 25 விழுக்காடுதான் வேலை செய்யும், முக்கால் பங்கு வீண் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேலே 40 விழுக்காடு என்கிறீர்கள். எது சரி? இன்னொன்று: அவ்வளவு பெரிய வட்டத்தில் மூன்றே மூன்று மெல்லிய இறக்கைகளை வைத்துவிட்டு, இடைவெளியில் காற்றை ஓடவிடுகிறார்களே, பத்துப் பன்னிரண்டு இறக்கைகளை வைத்தால் என்ன?

#4 விசைமானி

இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள், நண்பரே. 40 விழுக்காடு என்று நான் சொன்னது, வந்த காற்றில் எவ்வளவை மின்சாரமாக்குகிறது என்பது. நீங்கள் கேள்விப்பட்ட 25 விழுக்காடோ, ஆண்டு முழுவதும் முழுத்திறனில் ஓடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மின்சாரத்தில் உண்மையில் கிடைத்தது எவ்வளவு என்பது. 450 கிலோவாட் இயந்திரம் ஆண்டின் 8,760 மணி நேரமும் முழுத்திறனில் ஓடினால் 39,42,000 யூனிட் தரும். 25 விழுக்காடு என்றால் 9,85,500 யூனிட். மீதி முக்கால் பங்கு எங்கும் வீணாகிவிடவில்லை. அந்த நேரத்தில் அவ்வளவு காற்று வீசவில்லை, அவ்வளவுதான். கிணற்றில் ஊறாத நீரை, இறைக்காமல் வீணாக்கிய நீர் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

இந்த விழுக்காட்டை வைத்து இயந்திரத்தின் தரத்தை மட்டும் எடைபோடுவதும் தவறு. அதே இறக்கைக்குச் சிறிய ஜெனரேட்டரைப் பொருத்தினால், முழுத்திறனை அடிக்கடி எட்டி விழுக்காடு உயரும். ஆனால் பலத்த காற்றில் கிடைக்கும் யூனிட்டுகள் கைவிட்டுப் போகும்.

இறக்கைகளின் எண்ணிக்கைக்கு வருகிறேன். இறக்கை என்பது காற்றைத் தடுக்கும் பலகை அன்று. விமானத்தின் இறக்கையைப்போல வளைந்த வடிவம் கொண்டது. மேற்பரப்புக்கும் கீழ்ப்பரப்புக்கும் இடையே உண்டாகும் அழுத்த வேறுபாடு அதை இழுத்துச் சுற்றுகிறது. வேகமாகச் சுற்றும் மூன்று மெல்லிய இறக்கைகள், ஒவ்வொரு காற்றுத்துணுக்கும் கடந்துபோவதற்குள் வட்டம் முழுவதையும் துழாவிவிடுகின்றன. இடைவெளியாகத் தெரிவது உண்மையில் இடைவெளி அன்று. இறக்கைகளைக் கூட்டினால் முறுக்குவிசை கூடும், சுற்றும் வேகம் குறையும். நீர் இறைக்கும் பழைய காற்றாடிகளுக்கு அதுதான் தேவை, அதனால் அவற்றில் பல இறக்கைகள் இருக்கும். ஜெனரேட்டருக்கோ வேகம் வேண்டும்.

#5 பழைய ஏடு

இறக்கைக் கணக்கு வரலாற்றிலேயே நடந்த விவாதம் என்பதால் இடையில் நுழைகிறேன். 1887-இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் துணிப்பாய் கட்டிய காற்றாலையால் தம் வீட்டுக்கு விளக்கேற்றினார். மறு ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் தம் வீட்டுத் தோட்டத்தில் எழுப்பிய காற்றாலையின் வட்டம் 17 மீட்டர், அதில் மர இறக்கைகள் 144. அவ்வளவு பெரிய அமைப்பிலிருந்து அதிகபட்சம் கிடைத்தது 12 கிலோவாட். டென்மார்க்கின் அஸ்கோவில் 1891 முதல் ஆய்வு நடத்திய பௌல் லா கூர் என்ற ஆசிரியர், காற்றுச்சுரங்கம் அமைத்துச் சோதித்து, மின்சாரத்துக்கு ஏற்றவை வேகமாகச் சுற்றும் சில இறக்கைகளே என்று கண்டார்.

அவரிடம் 1904-இல் பயின்ற யோஹான்னஸ் யூல் என்பவர், 1957-இல் கெட்சர் என்ற இடத்தில் 24 மீட்டர் வட்டமும் மூன்று இறக்கைகளும் கொண்ட 200 கிலோவாட் காற்றாலையை அமைத்தார். நண்பர் பார்க்கும் ஆறு காற்றாலைகளும் அநேகமாக அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும்.

அளவை வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. உலகின் முதல் கடல்சார் காற்றாலைப் பண்ணையான டென்மார்க்கின் விண்டெபியில் 1991-இல் நிறுவப்பட்டவையும் 450 கிலோவாட் இயந்திரங்களே. மொத்தம் பதினொன்று, கூட்டுத்திறன் 4.95 மெகாவாட். 2017-இல் அகற்றப்படும்வரை அவை தந்த மின்சாரம் 24.3 கோடி யூனிட். வகுத்துப் பார்த்தால் முழுத்திறனில் 22 விழுக்காடு வருகிறது. ஐயப்பாடு அவர்கள் இதை வீண் என்பாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

#6 ஏணிப்படி

தாமதத்துக்குப் பொறுத்தருள்க. இதே வகை இயந்திரங்களில் பல ஆண்டுகள் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான்.

முதலில், தானாகச் சுற்றிய தலை. கோபுரத்தின் உச்சியில் உள்ள கூட்டுக்குள்தான் ஜெனரேட்டர் இருக்கிறது. கூட்டின் முதுகில் இருக்கும் திசைகாட்டி காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்லச் சொல்ல, மோட்டார்கள் கூட்டைக் காற்றுக்கு முகமாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஜெனரேட்டரிலிருந்து இறங்கும் தடித்த கேபிள்கள் கோபுரத்தின் நடுவே தொங்குகின்றன. கூடு திரும்பும் ஒவ்வொரு முறையும் அவையும் முறுக்கிக்கொள்ளும். நாள்கணக்கில் காற்று ஒரே பக்கமாகச் சுழன்று திசைமாறினால், முறுக்கும் ஒரே பக்கமாக ஏறும். எத்தனை முறுக்கு ஏறியிருக்கிறது என்று எண்ணுவதற்கென்றே உள்ளே சிறு பற்சக்கரக் கருவி இருக்கிறது. எல்லையைத் தொட்டதும், கட்டுப்பாட்டுப் பெட்டி இயந்திரத்தை நிறுத்தி, கூட்டை எதிர்ப்பக்கமாகச் சுற்றி முறுக்கைப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டும். நீங்கள் பார்த்தது அதுதான். உள்ளே ஏணியில் நின்று அதைப் பார்த்தால், பின்னிய சடை மெல்ல அவிழ்வதுபோல் இருக்கும்.

இரண்டாவது ஐயத்துக்கு விடை: உங்கள் கண்ணில் பிழை இல்லை. அவை ஒரே வேகத்தில்தான் சுற்றுகின்றன. இறக்கை பொருத்திய பெரிய தண்டு நிமிடத்துக்கு 35 சுற்று. அதை கியர்பாக்ஸ் ஏறக்குறைய 43 மடங்காக்கி, ஜெனரேட்டர் தண்டை 1,500-க்குக் கொண்டுவருகிறது. அந்த 1,500 என்பது தற்செயலான எண் அன்று. நான்கு காந்தமுனை கொண்ட ஜெனரேட்டரை 50 ஹெர்ட்ஸ் மின்தொகுப்பில், அதாவது ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் பொது மின்வலையில், இணைத்தால், அதன் நிலைச்சுருளில் உருவாகும் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். நடுவில் உள்ள சுழலியும் சரியாக அதே வேகத்தில் சுற்றினால் மின்சாரம் வராது. காற்று அதைச் சற்றே முந்தித் தள்ளும்போதுதான் சுழலியில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, தொகுப்புக்குத் திறன் போகத் தொடங்கும். 1,515 வந்தாலே ஏறக்குறைய முழுத்திறன். அதாவது வெறுமனே சுற்றுவதற்கும் 450 கிலோவாட் தருவதற்கும் உள்ள வேறுபாடு நூற்றில் ஒரு பங்கு வேகம். கீழே நிற்பவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? மாறுவது வேகமன்று, தண்டில் ஏறும் முறுக்கு.

மிதமான காற்றுக்கென ஆறு காந்தமுனை கொண்ட இரண்டாவது சுருள் சிலவற்றில் உண்டு. அப்போது 1,000 சுற்று, இறக்கைகள் 23 சுற்று. இன்றைய பெரிய காற்றாலைகள் மின்னணு மாற்றிகள் வழியாகத் தொகுப்பில் இணைவதால், காற்றுக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ள முடியும். சிலவற்றில் கியர்பாக்ஸே கிடையாது.

கியர்பாக்ஸ் என்றதும் ஒரு மனக்குறை. ஒருமுறை எண்ணெய் வடிகட்டியைக் கழற்றியபோது, விரல்நுனியில் வெள்ளிப்பொடி பூசியதுபோல் மினுங்கியது. தாங்கு உருளை (பேரிங்) தேய்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். நான் அப்போது வேலை பார்த்த நிறுவனம், காற்றுக்காலம் முடியட்டும் என்று சொல்லிவிட்டது. மூன்று வாரத்தில் தாங்கு உருளை உடைந்து பற்களும் போயின. பெரிய கிரேன் கிடைத்து மாற்றி முடிப்பதற்குள், எந்தக் காற்றுக்காலத்துக்காகக் காத்திருந்தார்களோ அது முழுவதும் அந்த இயந்திரம் நின்றே கழித்தது.

#7 வழிப்போக்கன்

ஏணிப்படி ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி. சடை அவிழ்வது என்ற உவமையை மறக்க மாட்டேன்.

இரண்டு துணைக்கேள்விகள். ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் ஒரு மின்மாற்றி இருக்கிறதே, ஆறுக்கும் சேர்த்து ஒன்று வைக்கக்கூடாதா? பெரும்புயல் வீசினால் வேகத்தை யார் கட்டுப்படுத்துகிறார்கள்?

#8 விசைமானி

மின்மாற்றியின் கதை எளிது. ஜெனரேட்டர் பெரும்பாலும் 690 வோல்ட்டில் மின்சாரம் தருகிறது. 450 கிலோவாட்டை அந்த அழுத்தத்தில் அனுப்பினால் கம்பி ஒவ்வொன்றிலும் சுமார் 377 ஆம்பியர் ஓடும். 33,000 வோல்ட்டுக்கு உயர்த்தினால் 8 ஆம்பியர்கூட வராது. கம்பியில் வெப்பமாகும் இழப்பு மின்னோட்டத்தின் இருமடிப்பெருக்கத்தைப் பொறுத்தது. அதே கம்பியில் இழப்பு இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. எனவே, குறைந்த அழுத்த மின்சாரத்தை எவ்வளவு குறைந்த தூரம் கொண்டுசெல்கிறோமோ அவ்வளவு நல்லது.

#9 ஏணிப்படி

புயலைப் பற்றி: வினாடிக்கு 3 அல்லது 4 மீட்டரில் ஓடத் தொடங்கும் காற்றாலை, 25 மீட்டரை ஒட்டிய காற்றில் தானாகவே நிறுத்திக்கொள்ளும். அதற்கு இடைப்பட்ட பலத்த காற்றில் திறன் எல்லைமீறாமல் பார்த்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. இறக்கையை அடிவேரிலேயே திருப்பிக் காற்றை நழுவவிடுவது ஒன்று. இன்றைய இயந்திரங்களில் அதுவே வழக்கம். பழைய வகையில் இறக்கை அசையாது; காற்று மிகும்போது அதன் முதுகில் காற்றோட்டம் தானே பிரிந்து இழுவிசை குன்றும்படி வடிவமைத்திருப்பார்கள். கீழே நின்று கேட்டால் அப்போது ஓசையே மாறும். சீரான இரைச்சல் போய்க் கரகரப்பு வரும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது மின்தொகுப்பு திடீரென அறுபடும் கணத்தைத்தான். ஜெனரேட்டரின் பிடி விட்டுப்போவதால், இறக்கைகள் வேகமெடுக்கும். அதற்காகவே பழைய வகையில் இறக்கைநுனிகளைத் தனித்துண்டாக அமைத்து, எண்ணெய் அழுத்தத்தால் இழுத்துப் பிடித்திருப்பார்கள். மின்சாரம் போனதும் அழுத்தம் விடுபட்டு, சுழற்சியின் விசையாலேயே நுனிகள் வெளியே நகர்ந்து குறுக்காகத் திரும்பித் தடையாகும். தடுப்பதற்கு மின்சாரம் தேவையில்லை, தடுக்காமல் இருப்பதற்குத்தான் தேவை.

#10 ஐயப்பாடு

விண்டெபிக் கணக்கை ஏற்கிறேன். 24 கோடி யூனிட்டை வீண் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆனால் இப்போது ஏணிப்படி ஐயா சொன்னதிலிருந்தே ஒரு கேள்வி. தொகுப்பு அறுபட்டால், பக்கத்து ஊர் இருட்டில் கிடக்க, காற்று வீசும்போதே இவையும் நின்றுவிடுகின்றன என்றுதானே பொருள்? மின்சாரம் தயாரிக்கும் இயந்திரம் மின்சாரம் இல்லாததால் நிற்பது விந்தையாக இல்லையா? சராசரிக் காற்று வினாடிக்கு 6 மீட்டர்தான் உள்ள இடத்தில், விசைமானியின் சூத்திரத்தில் 6-ஐப் போட்டால் மிகக் குறைவாகத்தானே வரும்?

#11 விசைமானி

விந்தைதான், ஆனால் காரணம் உண்டு. ஏணிப்படி ஐயா விளக்கிய இந்த வகைக்குத் தூண்டல் ஜெனரேட்டர் என்று பெயர். அதில் நிலைக்காந்தம் இல்லை. காந்தப்புலத்தை உண்டாக்கத் தேவையான மின்னோட்டத்தை அது தொகுப்பிலிருந்தே வாங்குகிறது. அந்தச் சுமையைக் குறைக்கத்தான் கோபுர அடியில் மின்தேக்கிகளை வைக்கிறார்கள். தொகுப்பு இல்லையேல் புலம் இல்லை, அதிர்வெண்ணை நிர்ணயிக்க ஆளும் இல்லை. அறுந்த கம்பியைச் சரிசெய்ய ஏறியவர் உயிரையும் நினைக்க வேண்டும்; இறந்த கம்பி என்று அவர் நம்பித் தொடும் இடத்தில் காற்றாலை உயிர் கொடுத்துவிடக் கூடாது. தனித்து இயங்கும் அமைப்பு வேண்டுமானால் அதற்கு மின்கலமும் வேறுவகை மாற்றியும் தேவை. முடியாதது அன்று, ஆனால் தனியாகத் திட்டமிட்டுச் செய்ய வேண்டியது.

சராசரியைச் சூத்திரத்தில் போடுவது பலரும் செய்யும் பிழை. ஒரு மணி நேரம் 4 மீட்டர், அடுத்த ஒரு மணி நேரம் 12 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் சராசரி 8. ஆனால் 4-இன் மும்மடி 64, 12-இன் மும்மடி 1,728. இவற்றின் சராசரி 896. எட்டின் மும்மடியோ 512 மட்டுமே. ஒரே சராசரி, ஆற்றலோ முக்கால் பங்கு கூடுதல். அதனால்தான் பண்ணை அமைக்கும் முன் ஓராண்டாவது காற்றளவுக் கோபுரம் நிறுத்தி, எத்தனை மணி நேரம் எந்த வேகம் என்று பட்டியலிடுகிறார்கள். உயரமும் அப்படித்தான்: திறந்தவெளியில் உயரத்தை இரட்டித்தால் வேகம் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடும், ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடும்.

#12 வழிப்போக்கன்

நேற்று மாலை அங்கே போயிருந்தேன். பராமரிப்புக்கு வந்திருந்த ஒருவர், அன்போடு என்னைக் கோபுர அடிக்கதவு வரை அழைத்துச்சென்று, கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரையைக் காட்டினார். காற்று வரிசைக்கு நேராக வீசிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தை வைத்து முன்வரிசையில் ஒன்றையும் அதற்கு நேர்பின்னால் உள்ளதையும் எண்ணினேன். இரண்டுமே நிமிடத்துக்கு 35 சுற்று. திரையிலோ முன்னதில் 212 கிலோவாட், பின்னதில் 131. இரண்டையும் ஒரே வேகத்தில் ஓடவிட்ட பிறகும் இவ்வளவு வேறுபாடா என்று கேட்டதற்கு, முன்னது மென்று துப்பிய காற்றைத்தான் பின்னது தின்கிறது என்றார் அவர்.

#13 ஏணிப்படி

சரியாகச் சொல்லியிருக்கிறார். முன்னதைக் கடந்த காற்று வேகம் குன்றி, சுழித்துக்கொண்டு போகும். அது பக்கத்துக் காற்றோடு கலந்து பழைய வேகத்தை அடைய நெடுந்தொலைவு வேண்டும். அதற்காகவே காற்று அதிகம் வரும் திசையில் வட்டத்தின் விட்டத்தைப்போல் ஐந்து முதல் ஒன்பது மடங்கு வரை இடைவெளி விடுவார்கள். உங்கள் பண்ணைக்கு அது குறைந்தது 175 மீட்டர். காற்று இருபது பாகை விலகி வீசும் நாளில் மறுபடி போய்ப் பாருங்கள். 131 என்ற எண் 200-ஐத் தாண்டியிருக்கும், சுற்று அப்போதும் 35-தான் இருக்கும்.